கோழியும் ஒரு பங்கேற்பாளர்

ஆடு தின்றது என்னவோ சிறப்பு விருந்தினரின் பேச்சைத்தான். ஆனால் அடுத்த வருஷம் முழுக்கச் சோறு தண்ணீர் இறங்காமல் அலைந்தவன் நான்.

போன ஆண்டு விழா நாடகத்தில் ஒரு இடையன் வருவான். இடையன் வந்தால் ஆடு வர வேண்டாமா என்று கணக்கு ஆசிரியர் தன் மாமனார் வீட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். நல்ல ஆடு. யாரையும் முட்டவில்லை, வசனத்துக்கு நடுவில் கத்தவில்லை. மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த சிறப்பு விருந்தினரின் மடியிலிருந்து அவருடைய பேச்சுத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து நிதானமாகச் சாப்பிட்டது, அவ்வளவுதான். கூட்டத்தில் பாதிப் பேர் அந்த ஆட்டுக்கு மனதுக்குள் நன்றி சொன்னார்கள். நிர்வாகம் சொல்லவில்லை. கணக்கு ஆசிரியர் மறு வாரமே வேறு பள்ளிக்கூடத்துக்குப் போனார். போனாரா, அனுப்பினார்களா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு பிறந்ததுதான் 'மேடைப் பொருள்கள், உயிரினங்கள், உணவுப் பண்டங்கள் ஒழுங்குக் குழு.' தலைவர், நிர்வாகியின் மனைவியுடைய தம்பி. குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே எதுவும் ஓடாது, எதுவும் சத்தம் போடாது, வைத்தது வைத்த இடத்தில் விறைத்துக் கிடக்கும். பள்ளிக்கூடமும் அப்படி இருந்துவிட்டால் என்ன குறை என்பது அந்த மனிதருடைய உண்மையான ஏக்கம். எதிரில் 'தலைவர் ஐயா' என்போம். முதுகுக்குப் பின்னால் மச்சான்.

நான் ஒன்பது வருஷமாகத் தற்காலிக மொழி ஆசிரியர். எனக்குப் பின்னால் வந்த தண்ணீர்த் தொட்டியைக்கூட நிரந்தரமாகக் கட்டிவிட்டார்கள். வருஷா வருஷம் கோடை விடுமுறை வந்தால் மற்ற ஆசிரியர்கள் ஊருக்குப் போவார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து, திரும்பக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்ப்பாள். ஒன்பது கோடை அப்படிப் போனது.

இந்த வருஷம் முதல்வர் அம்மா என்னை அறைக்குக் கூப்பிட்டு, உட்காரவும் சொன்னார். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

"சார், இந்த வருஷ நாடகம் உங்க பொறுப்பு. ஒரு சம்பவமும் இல்லாம முடிஞ்சா மறுநாளே உங்க நிரந்தர ஆணையில கையெழுத்து. நிர்வாகி என்கிட்ட நேர்லயே சொல்லிட்டாரு."

"சம்பவம்னா எதைச் சொல்றீங்க மேடம்?"

"அது நடந்ததுக்கு அப்புறம் குழு கூடி முடிவு பண்ணும் சார்."

வீட்டில் சொன்னதும் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "இந்த ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு அவங்க சொல்றதைக் கேளுங்க. நில்லுன்னா நில்லுங்க, உக்காருன்னா உக்காருங்க. உங்க நியாயத்தையெல்லாம் நிரந்தரம் ஆனதுக்கு அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். நானும் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டேன்.

நாடகத்தை நானே எழுதினேன். 'கடைசி ரொட்டி' என்று பெயர். மழைக் காலம், ஒரு குடிசை, ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள். வீட்டில் இருப்பது ஒரு ரொட்டி, ஒரு பானை கஞ்சி, ஒரு கோழி. வழிப்போக்கன் ஒருவன் நனைந்துகொண்டு வந்து கதவைத் தட்டுகிறான். அம்மா ரொட்டியைக் கொடுக்கிறாள். விருந்தாளிக்கு அது போதாது, கோழியை அறுக்கலாம் என்று அண்ணன் கத்தியை எடுக்கிறான். கடைக்குட்டிப் பெண் கோழியைக் கட்டிக்கொண்டு, "இதை நான் தரமாட்டேன்" என்று நிற்கிறாள். அதைப் பார்த்து வழிப்போக்கன் ரொட்டியைப் பிய்த்து எல்லோருக்கும் பங்கு வைக்கிறான். இவ்வளவுதான் கதை. இதில் சம்பவம் நடக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

கடைக்குட்டியாக நடிக்க ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். எல்லோரும் அவளைப் பொடிசு என்பார்கள். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்பதைக்கூட மேசைக்குள் குனிந்து சொல்லுவாள். கோழியும் அவள் வீட்டுக் கோழிதான். மகாராணி என்று பேர் வைத்திருந்தாள். முதல் ஒத்திகையில் மகாராணியைக் கையில் வாங்கிக்கொண்டு அந்த ஒரு வசனத்தைச் சொன்னாளே, கூடத்தின் கடைசியில் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா துடைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சரி, நிரந்தரம் வந்தாச்சு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

குழு முதலில் கத்தியை எடுத்துக்கொண்டது.

நீளமான மேசை. ஆளுக்கொரு தண்ணீர்த் தம்ளர், மேலே தட்டு மூடி. மச்சான் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கேட்டார். "கத்தி எதுல?"

"அட்டையில ஐயா."

"அட்டை கையைக் கிழிக்கும். என் கை கல்யாணப் பத்திரிகையில கிழிஞ்சிருக்கு."

"அப்ப துணியில தைச்சிடலாம் ஐயா. உள்ள பஞ்சு வெச்சு."

மச்சான் மற்ற உறுப்பினர்களைப் பார்த்தார். அவர்கள் அவரைப் பார்த்தார்கள். "சார், கொஞ்சம் பொறுப்போட பேசுங்க. பஞ்சுக் கத்தியைப் பாக்குற புள்ளைங்க, கத்தின்னா மெத்து மெத்துன்னு இருக்கும்னு நினைச்சுக்கும். வீட்டுக்குப் போய் நெசக் கத்தியைப் பிடிக்கும். அப்ப யாரைக் கேப்பாங்க? குழுவைத்தான் கேப்பாங்க."

யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, ஒன்பது கோடையை நினைத்துக்கொண்டேன். கடைசியில் அண்ணன் கோழியை மரக் கரண்டியால் அறுப்பது என்று தீர்மானமானது. பார்வையாளர்களுக்குப் புரிய வேண்டுமே என்று மேடை ஓரத்தில் ஒரு பலகை: 'கரண்டியைக் கத்தி என்று கொள்க.' அதன் கீழே சின்ன எழுத்தில், 'எனினும் இது கத்தி அல்ல.'

அடுத்த கூட்டம் ரொட்டிக்கு. இந்த வருஷச் சிறப்பு விருந்தினர் பெரிய ரொட்டித் தொழிற்சாலை முதலாளி. அவர் முன்னால் போலி ரொட்டியைக் காட்டுவது அவமரியாதை, ஆகவே நிஜ ரொட்டி. ஆனால் குழந்தைகள் மேடையில் எதையும் சாப்பிடக் கூடாது; தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம், ஒவ்வாமை வரலாம், விக்கல் வரலாம், விக்கல் ஒலிபெருக்கியில் கேட்கலாம். கஞ்சிப் பானை காலியாக இருக்க வேண்டும், அதையும் வாயைக் கட்டி ஒட்டிவிட வேண்டும்.

"ஐயா, பசியில இருக்கிறவங்க ரொட்டியைக் கையில வெச்சுக்கிட்டுச் சாப்பிடாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

"நானே கேக்கணும்னு இருந்தேன். இவங்க ஏன் பசியில இருக்காங்க?"

"ஏழைங்க ஐயா."

"இருக்கட்டும். ஏழைங்கன்னா பசியாத்தான் இருக்கணுமா? நம்ம பள்ளிக்கூட மேடையில புள்ளைங்க பசியோட நின்னா, கீழ உக்காந்திருக்கிற பெத்தவங்க நம்ம உணவுக்கூடத்தைப் பத்தி என்ன நினைப்பாங்க? சாப்பிட்டுட்டுத்தான் இருக்காங்கன்னு ஒரு வசனம் சேத்துடுங்க."

சேர்த்தேன். என் நாடகத்தின் அம்மா இப்போது இப்படிப் பேசினாள்: "வாருங்கள் ஐயா. நாங்கள் அனைவரும் இப்போதுதான் சத்தான உணவை வயிறார உண்டோம். எங்களிடம் எஞ்சியிருப்பது இந்தக் கடைசி ரொட்டி மட்டுமே." அம்மாவாக நடித்த பெண் புத்திசாலி. "அப்ப நான் ஏன் சார் அழணும்?" என்று கேட்டாள். ரொட்டி நன்றாக இருக்கிறது என்று அழும்மா என்றேன்.

மேடைக்கு வரும் உணவைத் தலைவரே ருசி பார்த்துச் சான்று தர வேண்டும் என்றும் ஒரு விதி. அதனால் ஒவ்வொரு ஒத்திகைக்கும் ரொட்டி பாதியாகத்தான் வந்து சேர்ந்தது. மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டே, "இன்னிக்கும் பாதுகாப்பாத்தான் இருக்கு" என்பார். கையில் பாதி ரொட்டியை வைத்துக்கொண்டு எச்சில் முழுங்கும் பிள்ளைகளைப் பார்த்து, இவர்கள் வயிறார உண்டவர்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன்.

இத்தோடு விட்டிருந்தால்கூட எப்படியோ தேற்றியிருப்பேன். பிறகுதான் கைக்கெட்டும் பொறுப்பாளர் வந்தார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கே உரிய ஏற்பாடு இது. மேடையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெரியவர் பொறுப்பு. நாடகம் முடியும் வரை அவர் அந்தப் பொருளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும், அதைவிட்டு அகலக் கூடாது, நடிக்கக் கூடாது. கரண்டிக்கு வேதியியல் ஆசிரியர். ரொட்டிக்குப் பள்ளிக்கூட நர்ஸ். காலிப் பானைக்கு நூலகர். லாந்தருக்கு மின்பணியாளர், அதில் விளக்கு எரியாது, ஆனாலும் எரிந்தால் என்ன செய்வது. கதவுக்கு ஒருவர், முக்காலிக்கு ஒருவர், மழைச் சத்தம் எழுப்பும் தகரத்துக்கு ஒருவர். என் ஏழைக் குடிசைக்குள் அடையாள அட்டை மாட்டிய ஏழு பேர் கைகட்டி நின்றார்கள்.

ஆபத்து நேர்ந்தால் மேடையிலிருந்து இறக்குவதற்கான திட்டத்தில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். பதின்மூன்றாவது ஆள் ஏறினால் அது விதிமீறல். அதனால் பக்கத்து வீட்டுக்காரியாக வந்த பெண்ணை நாடகத்திலிருந்து நிறுத்தினேன். மழையாக ஆடிய மூன்று பேரை நிறுத்தினேன். தகரம் மட்டும் பொறுப்பாளரோடு மேடையில் இருந்தது, அதைத் தட்ட ஆள் இல்லை.

பிறகு கோழி.

"உயிரினம் அனுமதி இல்லை. விதி தெளிவா இருக்கு" என்றார் மச்சான்.

நான் சட்டென்று, "பொம்மைக் கோழி வெச்சுக்கலாம் ஐயா" என்றேன். உள்ளுக்குள் நிம்மதி. பொடிசு பொம்மையைக் கட்டிக்கொண்டாலும் அந்த வசனத்தைச் சொல்லிவிடுவாள்.

முதல்வர் அம்மா தொண்டையைச் செருமினார். "அழைப்பிதழ்ல 'உயிருள்ள கோழி பங்கேற்கும்'னு அச்சடிச்சாச்சு ஐயா. ஆட்டுக்குப் பயந்துட்டோம்னு ஊர்ல பேச்சு வந்திருக்கு. நிர்வாகிதான் போடச் சொன்னாரு."

உயிருள்ள கோழி வர வேண்டும்; உயிரினம் வரக் கூடாது. இப்படி ஒரு சிக்கலை நான் உண்டாக்கியிருந்தால் வேலை போயிருக்கும். அவர்கள் உண்டாக்கியதால் தேநீர் வந்தது.

"பொருள்னு போட்டுடலாமா?" என்றார் நர்ஸ்.

"பொருள் எச்சம் போடக் கூடாதும்மா."

"உணவுன்னு?"

"உணவுன்னா தலைவர் முன்கூட்டியே ருசி பாக்கணும்" என்று நூலகர் நினைவுபடுத்தினார். மச்சான் அதை ஒரு நிமிஷம் யோசித்தார். அவர் யோசித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கடைசியில் வழி அவர்தான் கண்டுபிடித்தார். "அழைப்பிதழ்லயே இருக்கே, பங்கேற்கும்னு. அப்ப அது பங்கேற்பாளர்."

மேசையைத் தட்டி எல்லோரும் ஏற்றார்கள். மகாராணிக்கு அடையாள அட்டை வந்தது. புகைப்படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டும் என்று அலுவலகம் படத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. கழுத்தில் பள்ளிக்கூட நீல நாடா கட்டினார்கள். ஒத்திகையில் வருகை எடுக்கும்போது கோழியின் பெயரையும் கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டாலும் ஆள் வந்திருப்பதைக் கண்ணால் பார்த்துக் குறிக்கலாம் என்று எனக்குச் சலுகை தந்தார்கள். கோழிக்குக் கைக்கெட்டும் பொறுப்பாளராக உடற்பயிற்சி ஆசிரியரைப் போட்டார்கள். கோழி என்றால் அவருக்கு உள்ளூர நடுக்கம், ஆனால் அவரும் தற்காலிகம்.

மச்சான் விரல் விட்டு எண்ணினார். "பொறுப்பாளர் எட்டு. கோழி ஒண்ணு. அம்மா, அண்ணன், வழிப்போக்கன். பன்னண்டு. இந்தக் கடைக்குட்டி யாரு?"

"அவதான் ஐயா நாடகமே."

"அது என்ன பண்ணும்?"

"கோழியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்."

"அதைத்தான் நம்ம ஆளு பிடிச்சுக்கிறாரே" என்று மச்சான் அன்பாகச் சொன்னார். "ஒரு கோழிக்கு ரெண்டு பேரா?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்த வசனம் இல்லாவிட்டால் கதை இல்லை, ஒரு பொறுப்பாளரைக் குறைத்துக்கொள்ளலாம், தகரத்தைத் தட்டவே ஆள் இல்லை, அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் எதற்கு என்றெல்லாம் சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மச்சான் கேட்டுக்கொண்டிருந்தார். முதல்வர் அம்மா மட்டும் மெல்ல, "சார், நிரந்தரம்" என்றார். நான் உட்கார்ந்தேன்.

வசனத்துக்கும் வழி செய்தார்கள். முதல்வர் அம்மாவே திரைக்குப் பின்னாலிருந்து ஒலிபெருக்கியில் சொல்லுவார்.

பொடிசை விளையாட்டு மைதானத்து ஓரமாகக் கூட்டிப் போய்ச் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்துக் கைக்குட்டையைக்கூட எடுத்து வைத்திருந்தேன். அவள் அழவில்லை.

"மகாராணி மட்டும் வருமா சார்?"

"ஆமாம்மா."

"அதுக்குப் பயமா இருக்குமே சார். நான் கீழ முன்னாடி உக்காந்துக்கட்டுமா? என்னைப் பாத்துக்கிட்டே இருந்தா பேசாம இருக்கும்."

உக்காந்துக்கோ என்றேன். கைக்குட்டை எனக்குத்தான் தேவைப்பட்டது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாம் சரியாகப் போகிறது என்றேன். அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

விழா அன்று கூடம் நிரம்பி வழிந்தது. பொடிசின் அம்மா தையல் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். மகள் மேடையில் இல்லை என்பது அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் பார்க்கவே பயந்தேன். பொடிசு முன்வரிசை ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

நாடகத்துக்கு முன் மச்சான் பேசினார்.

"பெற்றோர்களே, போன வருஷம் இந்த மேடையில இருந்த ஆபத்து எதுவும் இந்த வருஷம் இல்லைன்னு பெருமையோட சொல்லிக்கிறேன். ஆடு இல்லை. கத்தி இல்லை. பசி இல்லை. கஞ்சி இல்லை. புள்ளைங்களையும் முடிஞ்ச வரைக்கும் குறைச்சிருக்கோம். நீங்க ஒத்துழைச்சா அடுத்த வருஷம் முழுசா எடுத்துடுவோம். புள்ளைங்க இல்லாத மேடைதான் புள்ளைங்களுக்குப் பாதுகாப்பான மேடை."

கைதட்டினார்கள். ரொட்டி முதலாளி எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

திரை விலகியது. குடிசைக்குள் எட்டுப் பெரியவர்கள். அவர்களுக்கு நடுவில் எங்கேயோ மூன்று பிள்ளைகள். உடற்பயிற்சி ஆசிரியர் முழங்கை வரை தோல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, மகாராணியை உடம்பிலிருந்து எவ்வளவு தூரம் நீட்ட முடியுமோ அவ்வளவு தூரம் நீட்டிப் பிடித்திருந்தார். கோழி பொடிசைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா, வயிறார உண்டதைச் சொல்லி அழுதாள். வழிப்போக்கன் வந்தான். கதவுப் பொறுப்பாளர் அவன் விரல் நசுங்காமல் கதவைத் திறந்து மூடினார். அண்ணன் கரண்டியை ஓங்கினான். வேதியியல் ஆசிரியர் அவன் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். பின்வரிசையில் யாரோ பலகையை வாய்விட்டுப் படித்தார்கள்.

அந்த இடம் வந்தது. மகள் நிற்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து முதல்வர் அம்மா, காலைக் கூட்டத்தில் அறிவிப்பு வாசிக்கும் குரலில், "இதை நான் தரமாட்டேன்" என்றார். ஒலிபெருக்கி 'கீ' என்று கத்தியது.

மகாராணி கையுறையிலிருந்து உருவிக்கொண்டு பறந்தது. உடற்பயிற்சி ஆசிரியர் பானை மேல் விழுந்தார். கோழி நர்ஸின் தலையைத் தாண்டிக் கதவு மேல் ஏறி, அங்கிருந்து தகரத்தில் குதித்தது. அன்றைக்கு மழைச் சத்தம் கேட்டது அந்த ஒரு முறைதான். மற்ற ஏழு பேரில் ஒருவரும் நகரவில்லை. நர்ஸ் ரொட்டியைவிட்டு அகல முடியாது. நூலகர் பானையைவிட்டு அகல முடியாது, அதன் மேல் கிடந்தவரை எழுப்பவும் விதியில் இடமில்லை. பிடிங்க, பிடிங்க என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு அவரவர் பொருளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கோழி திரைக் கயிற்றில் பாய்ந்தது. கழுத்து நாடா கயிற்றில் சிக்கியது. தொங்கிக்கொண்டு சிறகை அடித்தது.

நான் ஓரத்திலிருந்து ஒரு அடி எடுத்து வைத்தேன். பதின்மூன்றாவது ஆள் என்ற நினைப்பு வந்து கால் நின்றுபோனது.

பொடிசு நிற்கவில்லை. படி எங்கே என்றுகூடப் பார்க்காமல் மேடையில் கையூன்றி ஏறினாள். முக்காலியைப் பொறுப்பாளரின் கைக்கெட்டும் தூரத்திலிருந்து இழுத்துப் போட்டு மேலே ஏறி, நாடாவை அவிழ்த்து, கோழியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். திரும்பினாள். எதிரில் அண்ணன் இன்னும் கரண்டியை ஓங்கியபடி நின்றான், பாவம், அவனுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"இதை நான் தரமாட்டேன்" என்றாள் பொடிசு.

அவள் அண்ணனிடம் மட்டும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. வழிப்போக்கனாக வந்த பையன் நர்ஸின் கைக்கு அடியிலிருந்து ரொட்டியை எடுத்துப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தான், அவர்கள் சாப்பிட்டார்கள். காலையிலிருந்து ஒப்பனையோடு காத்திருந்த பிள்ளைகள், நிஜமாகவே பசியோடு சாப்பிட்டார்கள். கூட்டம் எழுந்து நின்றது. நான் வாய்விட்டு அழுதேன்.

மச்சான் மட்டும் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை விசாரணை. மேசை மேல் என் நிரந்தர ஆணை இருந்தது. என் பெயர் அச்சாகியிருந்தது, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. வெளியே பெஞ்சில் பொடிசும் அவள் அம்மாவும். மகாராணியையும் ஒரு கூடையில் வைத்து உள்ளே கொண்டுவந்திருந்தார்கள், பங்கேற்பாளர்கள் அனைவரும் ஆஜராக வேண்டும் என்பதால்.

"நல்ல நாடகம்" என்றார் மச்சான். "ஆனா சம்பவம் நடந்துபோச்சு. சம்பவம்னா அதுக்குக் காரணமான ஒரு ஆளு வேணும், இல்லைன்னா குழுவே காரணம்னு ஆயிடும். அனுமதி இல்லாம மேடை ஏறின அந்தப் பொண்ணு பேரை நீங்க எழுதிக் குடுங்க. அதைப் பள்ளிக்கூடத்தைவிட்டு அனுப்பிடுவோம். நீங்க இந்த ஆணையை எடுத்துக்கிட்டுப் போங்க. உங்க மேல ஒரு குறையும் வராது."

பேனாவை என் பக்கம் தள்ளினார். கதவு இடுக்கில் பொடிசின் செருப்புக் கால் தரையைத் தொடாமல் ஆடிக்கொண்டிருந்தது தெரிந்தது. எதையாவது சொல்லித் தொலைக்க வேண்டும்.

"ஐயா, முதல்ல இடத்தைவிட்டு அகன்றது கோழிதானே."

"கோழியா?"

"அதுவும் பங்கேற்பாளர்தானே ஐயா. அதுக்குப் பின்னாடிதான் மத்ததெல்லாம்."

பைத்தியக்காரன் என்பார்கள் என்று நினைத்தேன். மச்சானின் முகம் மலர்ந்தது. அவர் விதியை நான் இவ்வளவு மதித்தது அவருக்குப் பிடித்துவிட்டது. "சரியாச் சொன்னீங்க. வரிசைப்படி பாத்தா அதுதான் முதல். விளக்கம் கேட்டுடுவோம்."

கேட்டார்கள். நூலகர் கூடையைப் பார்த்து, மேடையைவிட்டு ஏன் பறந்தாய் என்று மூன்று முறை கேட்டார். கோழி அவருடைய பேனாவைக் கொத்தியது. குற்றச்சாட்டை மறுக்கவில்லை, விசாரணை அதிகாரியைத் தாக்கியது என்று பதிவானது. பங்கேற்பாளரைப் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்குவது என்று ஒருமனதாகத் தீர்மானம். எனக்கு மூச்சு வந்தது.

"இனி பாதுகாவலர் கையெழுத்துத்தான்" என்றார் மச்சான். "யார் வீட்டுக் கோழி இது? ஒரே பாதுகாவலருக்கு வேற புள்ளைங்க இங்க படிச்சா அதையும் சேத்து அனுப்பணும், அதான் விதி."

முதல்வர் அம்மா கதவுப் பக்கம் பார்த்தார். அவருக்குத் தெரியும். நூலகருக்கும் தெரியும். நான் பேனாவை எடுத்தேன்.

"என் கோழி ஐயா."

"உங்களோடதா?"

"ஆமா. எங்க வீட்டுக் கோழி."

மச்சான் என்னைப் பார்த்தார், ஆணையைப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான். "அடடா. நீக்கப்பட்டவரோட பாதுகாவலர் இங்க வேலை பாக்க முடியாதே சார். நிரந்தரமும் சரி, தற்காலிகமும் சரி."

"சார், கொஞ்சம் யோசிங்க" என்றார் முதல்வர் அம்மா. அவர் குரல் முதல் முறையாக அறிவிப்பு வாசிப்பதுபோல் இல்லை.

யோசித்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். போட்டேன். மச்சான் என் ஆணையை இரண்டாக மடித்து, பிறகு நான்காக மடித்து, தண்ணீர்த் தம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டார். இவ்வளவு ஒழுங்காக முடிந்த விசாரணையைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று சொல்லி எனக்குக் கை கொடுத்தார்.

வெளியே பொடிசு எழுந்து நின்றாள். "மகாராணியை அனுப்பிட்டாங்களா சார்?"

"அனுப்பிட்டாங்கம்மா. சாயங்காலம் வந்து எங்க வீட்டுல வாங்கிக்கோ. இப்ப கிளாசுக்குப் போ."

அவள் ஓடினாள். அவள் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் நீக்கப்பட்ட கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எல்லோரும் பார்க்கத் தெருவில் நடந்து வீடு வந்து சேர்ந்தேன்.

மனைவி கதவைத் திறந்தாள். கோழியைப் பார்த்தாள். "கையெழுத்துப் போட்டாங்களா?"

"நான்தான் போட்டேன்" என்றேன்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள். ஒன்பது வருஷம், ஒன்பது வருஷம் என்று அதையே சொல்லி அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோழி சமையலறைக்குள் போய்விட்டது.

"அந்தப் பொண்ணு பேரை எழுதியிருந்தா நிரந்தரமா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"எழுதிட்டு வந்திருந்தீங்கன்னா நான் கதவைத் திறந்திருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு இன்னும் பலமாக அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. வெகு நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாளைக்குக் காலையில நீங்க எங்க போவீங்க?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.